கராஜ் பொடியனும் நம்பர் இல்லாத வண்டியும்

கராஜில் வேலை முடிந்த மோட்டார் சைக்கிளை உரிமையாளரிடம் குடுக்க முதல், அங்கே வேலை பழகுகிற பொடியன் ஒருவன் அதில் ஏறி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருவான். பிரேக் பிடிக்குதா, கியர் ஒழுங்காக விழுகுதா, முதல் கேட்ட அந்தச் சத்தம் இன்னும் கேக்குதா எண்டு பார்க்கத்தான். சந்தி மட்டும் போய்த் திரும்பினால் ஐந்து நிமிடம். நாங்களும் கராஜ் வாசலில், ஒயில் மணக்கிற வாங்கில் இருந்து, அவன் திரும்பி வரும்வரை றோட்டைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறோம். அந்த ஐந்து நிமிடத்துக்குள் ஆரையாவது அவன் இடித்துப் போட்டால் என்ன நடக்கும் எண்டு ஒரு நாளும் யோசித்ததில்லை.

அந்த வண்டிக்குப் பதிவே இல்லை என்றால் கேள்வி இன்னும் கடினமாகிறது. நம்பர் இல்லாத வண்டி கராஜுக்கு வருவது அபூர்வமான விஷயம் இல்லை. புதிதாக இறக்கி இன்னும் பதியாத வான் ஒன்றுக்கு ஏதோ ஒரு சாமான் பூட்ட வேணும். லொறியின் வெறும் அடிச்சட்டத்துக்கு மேலே பெட்டி கட்ட வேணும். வீட்டுக் கோடிக்குள்ளே பல வருசம் கிடந்த, கடதாசி ஒன்றும் இல்லாத பழைய மோட்டார் சைக்கிளை உயிர்ப்பிக்க வேணும். இவை எல்லாவற்றையும் ஆரோ ஒருவர் ஓடிப் பார்த்துத்தான் ஆக வேணும். ஓடாமல் பிரேக் சரியா எண்டு சொல்ல ஏலாது.

இங்கே ஒன்றைப் பிரித்துச் சொல்லிவிட வேண்டும். வருமான அனுமதிப்பத்திரம் காலாவதியான வண்டி வேறு, பதிவே இல்லாத வண்டி வேறு. முதலாவது, வரி கட்டத் தவறிய வண்டி. அது ஆருடையது என்பது ஏட்டில் இருக்கிறது. இரண்டாவது, அரசாங்கத்தின் ஏட்டிலேயே இல்லாத வண்டி. நாங்கள் இங்கே பேசுவது இரண்டாவதைப் பற்றி.

நாங்கள் கூடிக் கதைக்கிற இடத்தில் ஒரு நாள் இந்தக் கேள்வி வந்தது. பொலிஸ் மறித்தால் தண்டம் ஆருக்கு? விபத்து நடந்தால் நட்டஈடு ஆர் குடுக்கிறது? "வண்டிக்காரன்தான்" என்றார் ஒருவர். "கராஜ் முதலாளி" என்றார் மற்றவர். "ஓடினவன் கட்டட்டும்" என்றார் மூன்றாமவர். மூன்று பேருமே உறுதியாகச் சொன்னார்கள், மூன்று பேரிடமும் காரணம் இருக்கவில்லை. அதனால் இந்தச் சட்டம் எங்கே பிறந்தது என்று தேடிப் போனோம். மோட்டார் வாகனச் சட்டத்தில் எங்களுக்கும் இந்தியாவுக்கும் மூத்த உறவு பிரித்தானியச் சட்டம். ஆகவே கதையும் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

நம்பர் பிறக்க முந்திய ஒரு சாவு

1896ஆம் ஆண்டு ஆகஸ்ட் 17. லண்டனின் கிறிஸ்டல் பலஸ் மைதானத்தில் புதிய மோட்டார் வண்டிகளைச் சனத்துக்குக் காட்டிக்கொண்டிருந்தார்கள். விரும்பினவர்களை ஏற்றி ஒரு சுற்றும் ஓடிக் காட்டினார்கள். அங்கே மகளோடும் ஒரு சிநேகிதியோடும் வந்திருந்த பிரிட்ஜெட் டிரிஸ்கொல் என்ற 44 வயதுப் பெண்ணை அந்த வண்டிகளில் ஒன்று இடித்தது. அவர் இறந்துபோனார். பிரித்தானியாவில் காரில் அடிபட்டு இறந்த முதலாவது பாதசாரி என்று வரலாற்றில் அவருடைய பெயர் நிற்கிறது.

வண்டி ஒரு கம்பனியுடையது. ஓட்டியவர் அந்தக் கம்பனிக்காக வேலை செய்த ஆர்தர் எட்சல். அவர் வாகனம் ஓட்டத் தொடங்கிச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. மரண விசாரணையில் இருந்த யூரிமார் தற்செயல் மரணம் என்று தீர்ப்புச் சொன்னார்கள். எட்சல் மீதும் வழக்கு இல்லை, கம்பனி மீதும் வழக்கு இல்லை.

இந்தச் சம்பவத்தை எங்கட கராஜ் கதைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வண்டிக்கு நம்பர் இல்லை, ஏனென்றால் அந்த நாட்டில் அப்போது ஒரு வண்டிக்கும் நம்பர் இல்லை. ஓடியவர் வண்டியின் உரிமையாளர் இல்லை, சம்பளத்துக்கு ஓடியவர். ஓடியது ஓர் இடத்துக்குப் போவதற்கு இல்லை, வண்டி ஓடும் என்று காட்டுவதற்கு. ஒரு வேலையாள், இன்னொருவருடைய வண்டி, ஒரு குறுகிய ஓட்டம். இந்த மூன்றும் சேர்கிற இடத்தில் அடிபட்டவருக்கு ஒரு சதமும் உறுதி இல்லை என்ற நிலையில்தான் எல்லாமே தொடங்கியது.

அந்த வருசம் நவம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டம் மோட்டார் வண்டிகளுக்குக் கொஞ்சம் வழிவிட்டது. அதற்கு முதல், 1865ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, இயந்திர வண்டி நாட்டுப்புறத்தில் மணிக்கு 4 மைலும் நகரத்தில் 2 மைலும்தான் போகலாம். புதிய சட்டம் அதை 14 மைல் வரை கூட்டியது. வேகம் கூடியது. பொறுப்பு ஆருடையது என்ற கேள்வி அப்படியே கிடந்தது.

இரண்டு விதமான நம்பர்

1903ஆம் ஆண்டின் மோட்டார் கார்ச் சட்டம் 1904 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஒவ்வொரு காரும் உள்ளூர்ச் சபையில் பதியப்பட வேண்டும், காரின் உடம்பில் நம்பர் இருக்க வேண்டும். பதிவுக்கு ஒரு பவுண். சாரதி அனுமதிப்பத்திரத்துக்கு ஐந்து சிலிங். சாரதிக்குப் பரீட்சை ஒன்றும் இல்லை, காசு கட்டினால் பத்திரம் கையில். வேக எல்லை 20 மைலாகியது. நம்பருக்குக் காரணம் எளிமையானது. இடித்துவிட்டு ஓடுகிறவனை, வேகமாகப் போகிறவனைக் கண்டுபிடிக்க வேணும். குதிரை வண்டிக்காரனை ஊர்ச் சனத்துக்கு முகம் தெரியும். கார்க்காரன் அடுத்த மாவட்டத்தில் இருந்து வருகிறவன். ஆகவே முகத்துக்குப் பதிலாக நம்பர்.

ஆனால் சட்டம் எழுதியவர்களுக்கு உடனேயே ஒரு சிக்கல் வந்தது. தொழிற்சாலையில் செய்து முடித்த காரை ஓடிப் பார்க்காமல் விற்க முடியாது. விற்கிற வரைக்கும் அதற்குச் சொந்தக்காரர் என்று ஒருவரும் இல்லை. சொந்தக்காரர் இல்லாத காரை ஆருடைய பெயரில் பதிவது? ஒவ்வொரு காரையும் ஒரு நாள் ஓட்டத்துக்காகப் பதிந்துகொண்டிருந்தால் ஏடும் தாங்காது, செலவும் தாங்காது.

அதற்கு அவர்கள் கண்டுபிடித்த வழி எங்களுக்குப் புத்திசாலித்தனமாகப் பட்டது. கார் செய்கிறவருக்கும் கார் விற்கிறவருக்கும் 'பொது அடையாளக் குறி' ஒன்றைச் சபை குடுக்கலாம். அதற்கு வருசத்துக்கு மூன்று பவுணுக்கு மேற்படாத கட்டணம். செய்து முடித்த காரை ஓடிப் பார்க்கும்போதும், வாங்க வருகிறவருக்கு ஓடிக் காட்டும்போதும், அந்தக் குறியை எந்தக் காரிலும் மாட்டலாம்.

சாதாரண நம்பர் 'இது எந்த வண்டி' என்று சொல்கிறது. இந்தப் பொதுக் குறிக்கு அது தெரியாது. இன்றைக்கு ஒரு காரில் இருக்கும், நாளைக்கு இன்னொரு காரில் இருக்கும். அது சொல்வது 'இப்போது இந்த வண்டிக்குப் பதில் சொல்ல வேண்டிய ஆள் ஆர்' என்பதைத்தான். பதியாத வண்டியைச் சட்டம் றோட்டில் விட்டது உண்மை. ஆனால் விடும்போது ஒரு மனிசனுடைய பெயரை அதில் கட்டிவிட்டுத்தான் விட்டது. இன்றுவரை வந்திருக்கிற எல்லா வியாபாரத் தகடுகளுக்கும் பின்னால் இந்த ஒரு யோசனைதான் இருக்கிறது.

அந்தப் பட்டியலில் ஒரு ஆளைக் காணவில்லை. செய்கிறவர் இருக்கிறார், விற்கிறவர் இருக்கிறார், திருத்துகிறவர் இல்லை. இதை நாங்கள் சதி எண்டு சொல்ல வரவில்லை. திருத்த வருகிற கார் பெரும்பாலும் ஏற்கனவே பதிந்த கார், அதிலேயே நம்பர் இருக்கும். பிறகு ஏன் இன்னொரு குறி என்று நினைத்திருக்கலாம். ஆனால் வாடிக்கையாளர் கொண்டுவந்து விடுகிற பதியாத வண்டி என்ற ஒன்று சட்டத்தின் கண்ணுக்குத் தெரியவில்லை. கரி பிடித்த கையோடு அதை ஓடிப் பார்க்கிற ஆளும் தெரியவில்லை.

திருத்துகிறவர் உள்ளே வருகிறார்

முதலாம் உலகப் போர் முடிந்தபோது வாகனங்கள் பெருகிவிட்டன. 1920ஆம் ஆண்டின் றோட்டுச் சட்டம் பிரித்தானியாவின் பதிவு முறையையும் வரி முறையையும் மாற்றி அமைத்தது. 1921 ஜனவரியில் இருந்து கார்க் கண்ணாடியில் வட்டமான வரிச் சீட்டு ஒட்டப்பட்டது. வண்டியோடு கூடவே போகிற பதிவுப் பொத்தகமும் வந்தது. அதற்குப் பிறகு வளர்ந்த வியாபார அனுமதிப்பத்திர முறையில், செய்கிறவர், விற்கிறவர் என்ற இரண்டு பேரோடு திருத்துகிறவரும் சேர்ந்தார். இன்றைக்கு அங்கே நடைமுறையில் இருக்கிற 1994ஆம் ஆண்டின் வாகன வரி மற்றும் பதிவுச் சட்டம், 'மோட்டார் வியாபாரி' என்ற சொல்லுக்குள் இந்த மூன்று பேரையும் சேர்த்தே வரைவிலக்கணம் சொல்கிறது. வெள்ளைப் பின்னணியில் சிவப்பு எழுத்துத் தகடு அவருடையது.

இந்த அனுமதிக்கு இரண்டு வேலிகள் இருக்கின்றன. முதலாவது, வண்டி தொழில் காரணமாகத் தற்காலிகமாக அவருடைய கையில் இருக்க வேண்டும். இரண்டாவது, ஓடுகிற நோக்கம் சட்டம் சொன்ன நோக்கமாக இருக்க வேண்டும். திருத்தும்போதோ திருத்தி முடிந்த பிறகோ சோதித்துப் பார்ப்பது அதில் ஒன்று. வாடிக்கையாளரின் வண்டியில் தகட்டை மாட்டிக்கொண்டு மத்தியானச் சாப்பாடு எடுக்கப் போனால் அந்த நிமிடமே தகட்டின் பாதுகாப்பு இல்லை. அப்போது அது வெறுமனே பதியாத வண்டி, ஓடுகிறவர் வெறுமனே சட்டத்தை மீறுகிறவர்.

கராஜ் பக்கம் நின்று பார்த்தால் இது ஒரு அங்கீகாரம். உன்ர வேலைக்கு றோட்டு வேணும், அது எங்களுக்கு விளங்குது எண்டு சட்டம் சொல்லுது. றோட்டுப் பக்கம் நின்று பார்த்தால் இது ஒரு பிணை. வண்டி உன்ர கையில இருக்கிற நேரம் நீதான் பொறுப்பு எண்டும் அதே சட்டம் சொல்லுது. இதில் ஒன்றை மட்டும் கேட்டு வாங்க முடியாது.

'ஓடினாலும், ஓட விட்டாலும்'

தகடு ஆளைக் காட்டித் தரும். ஆனால் அந்த ஆளிடம் காசு இல்லை என்றால்? அடிபட்டவர் வழக்கில் வென்று வெறுங்கையோடு வீட்டுக்குப் போவார். 1920களில் இதுதான் நடந்துகொண்டிருந்தது. அதற்கு மறுமொழியாக வந்தது 1930ஆம் ஆண்டின் றோட்டுப் போக்குவரத்துச் சட்டம். மூன்றாம் தரப்புக் காப்புறுதி கட்டாயமாகியது. 'தேர்ட் பார்ட்டி' என்று எங்கட சனம் சொல்லுகிற அதே சாமான்.

அந்தச் சட்டத்தின் ஒரு சொற்றொடர் எங்கட கேள்விக்கு முக்கியம். காப்புறுதி இல்லாமல் வண்டியைப் பாவிப்பது குற்றம், அதோடு வேறொருவரைப் பாவிக்கச் செய்வதும், பாவிக்க விடுவதும் குற்றம். மூன்று வினைச்சொற்கள், கராஜில் மூன்று ஆட்கள். ஓடிப் பார்க்கிற பொடியன் பாவிக்கிறான். "ஒருக்கா ஓடிப் பாத்திட்டு வா" என்று திறப்பைக் கையில் குடுக்கிற முதலாளி பாவிக்கச் செய்கிறார். காப்புறுதி இல்லை என்று தெரிந்தும் "ஓடிப் பாருங்கோ" என்று சொல்லிவிட்டு வாங்கில் இருக்கிற வாடிக்கையாளர் பாவிக்க விடுகிறார்.

இந்தச் சொற்கள் வெறும் தண்டத்துக்கானவை மட்டும் இல்லை என்று பிறகு இங்கிலாந்தின் மேன்முறையீட்டு நீதிமன்றம் காட்டியது. மங்க் எதிர் வார்பி என்ற வழக்கு. ஒருவர் தன் காரை நண்பருக்குக் குடுக்கிறார். நண்பரோடு வந்த இன்னொருவர் ஓடுகிறார். அவர்கள் ஓடுவதற்குக் காப்புறுதி இல்லை. விபத்தில் ஒருவர் காயப்படுகிறார். ஓடினவரிடம் நட்டஈடு குடுக்க வசதி இல்லை. காரின் உரிமையாளர் பக்கத்தில்கூட இல்லை, விபத்தில் அவருடைய பிழை ஒன்றும் இல்லை. ஆனாலும் காப்புறுதி இல்லாதவரிடம் காரைக் குடுத்ததே சட்டக் கடமையை மீறியது, அதனால் காயப்பட்டவருக்கு வந்த நட்டத்தை அவரே குடுக்க வேணும் என்று தீர்ப்பு வந்தது.

இந்தத் தீர்ப்பு கராஜ் வழக்கு இல்லைத்தான். ஆனால் திறப்பைக் கைமாற்றுவது என்ற சின்னச் செயலே ஒரு சட்டச் செயல் என்பதை அது நிறுவியது. "நான் ஓடேல்லையே" என்ற பதில் அதற்குப் பிறகு போதாது.

பொடியனுக்கு என்ன? 'பாவிக்கிற' ஆள் என்ற வகையில் முதலில் மாட்டுவது அவன்தானே. காப்புறுதி இருக்கோ இல்லையோ என்று முதலாளியிடம் கேட்கிற நிலையில் எந்த வேலை பழகுகிற பொடியனும் இருப்பதில்லை. இதையும் பிரித்தானியச் சட்டம் கவனித்திருக்கிறது. அங்கே இப்போது இருக்கிற 1988ஆம் ஆண்டின் றோட்டுப் போக்குவரத்துச் சட்டத்தின் 143ஆம் பிரிவு வேலையாளுக்கு ஒரு பாதுகாப்புக் குடுக்கிறது. வண்டி தன்னுடையது இல்லை, வேலையின் பகுதியாகத்தான் ஓடினேன், காப்புறுதி இல்லை என்பது எனக்குத் தெரியாது, அப்படிச் சந்தேகிக்கக் காரணமும் இருக்கவில்லை என்று அவன் நிரூபித்தால் காப்புறுதிக் குற்றத்தில் இருந்து தப்பலாம். குற்றம் அவனைத் தாண்டி அவனை அனுப்பியவரிடம் போய் நிற்கும். லைசன்ஸ் இல்லாமல் ஓடியதற்கு இந்தப் பாதுகாப்பு உதவாது என்பதையும் சொல்ல வேண்டும். 1896இல் எட்சல் நின்ற இடத்தில் நிற்கிற வேலையாளைப் பற்றி ஒரு சட்டம் தனியாக யோசித்து எழுதிய வரி என்பதால் இதை நாங்கள் இரண்டு மூன்று தரம் வாசித்தோம்.

பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம்

இதே சொற்கள் பிரித்தானிய ஆட்சியோடு சேர்ந்து பயணப்பட்டன. இந்தியாவின் 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் பாவிப்பவரையும் பாவிக்கச் செய்பவரையும் விடுபவரையும் அதே மாதிரிச் சேர்த்துப் பிடித்தது. கட்டாயக் காப்புறுதி பற்றிய அத்தியாயம் 1946 ஜூலையில்தான் அங்கே நடைமுறைக்கு வந்தது. பிறகு வந்த 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 39ஆம் பிரிவு, பதியாத வண்டியை ஒருவரும் ஓடக்கூடாது, உரிமையாளர் ஓட விடவும் கூடாது என்கிறது. ஆனால் 'டீலர்' கையில் இருக்கிற வண்டிக்கு நிபந்தனையோடு விலக்குத் தருகிறது. ஆர் டீலர்? அந்தச் சட்டத்தின் வரைவிலக்கணம் உடல் கட்டுகிறவரையும், வாகனம் திருத்துகிறவரையும் பெயர் சொல்லிச் சேர்க்கிறது. 1989ஆம் ஆண்டு விதிகள் எழுதப்பட்டபோது, வியாபாரச் சான்றிதழோடு ஓடக்கூடிய நோக்கங்களில் திருத்தும்போதும் திருத்திய பிறகும் சோதித்துப் பார்ப்பது இடம்பெற்றது. 1903இல் வாசலுக்கு வெளியே நின்ற மெக்கானிக் இங்கே வீட்டுக்குள்ளே வந்து இருக்கிறார்.

1988இல் இந்திய உச்ச நீதிமன்றத்துக்கு முன்னால் வந்த ஒரு வழக்கு எங்கட கேள்வியை நேராகவே தொட்டது. உரிமையாளர் தன் வண்டியைத் திருத்தக் குடுத்திருக்கிறார். திருத்துகிறவரின் ஆளுடைய கையில் இருந்தபோது அந்த வண்டியால் விபத்து. காப்புறுதிக் கம்பனி சொன்னது: திருத்துகிறவர் உரிமையாளரின் வேலையாள் இல்லை, தனியாகத் தொழில் செய்கிறவர். அவருடைய பிழைக்கு உரிமையாளர் பொறுப்பில்லை, உரிமையாளர் பொறுப்பில்லை என்றால் நாங்களும் இல்லை.

இந்த வாதத்தின் முதல் பாதியை நீதிமன்றம் பெரிதாக மறுக்கவில்லை. வண்டியை கராஜில் விடுவது ஒரு ஒப்படைப்பு, கராஜ்காரர் சுதந்திரமான ஒப்பந்தக்காரர், அவருடைய கவனயீனத்துக்கு உரிமையாளர் பொதுவாகப் பொறுப்பாக மாட்டார். ஆனால் இரண்டாவது பாதியை ஏற்கவில்லை. திருத்தக் குடுக்கும்போது ஓடிப் பார்க்கவும் சேர்த்தே உரிமையாளர் விட்டிருக்கிறார். கட்டாயக் காப்புறுதியின் நோக்கமே றோட்டில் போகிற மூன்றாம் ஆளைக் காப்பதுதான். ஆகவே காப்புறுதிக் கம்பனி குடுக்கத்தான் வேணும்.

இது காப்புறுதி இருந்த வண்டியின் கதை. பதிவு இல்லாத வண்டியின் கதை 2014இல் அதே நீதிமன்றத்துக்கு வந்தது. புதிய வண்டி ஒன்றுக்குக் குடுத்த தற்காலிகப் பதிவு 2006 ஜனவரி 11இல் முடிந்துவிட்டது. பெப்ரவரி 2இல் விபத்து. இடையில் 22 நாட்கள். காப்புறுதி இருந்தது, பதிவு இல்லை. பதிவில்லாத வண்டியைப் பொது றோட்டில் ஓடியது வெறும் தண்டக் குற்றம் மட்டும் இல்லை, காப்புறுதி ஒப்பந்தத்தின் அடிப்படையையே மீறியது என்று சொல்லி, வண்டிச் சேதத்துக்கு உரிமையாளர் கேட்ட காசை நீதிமன்றம் மறுத்தது. அந்த வழக்கில் கேட்டது சொந்தச் சேதம், மூன்றாம் ஆளின் நட்டஈடு இல்லை. அந்த வித்தியாசம் முக்கியம். ஆனால் வியாபாரச் சான்றிதழ் இல்லாத கராஜ் ஒன்று நம்பர் இல்லாத வண்டியை ஓடி முட்டினால், அந்த வண்டியின் சேதத்தைக் காப்புறுதியில் இருந்து எடுக்கலாம் என்ற நம்பிக்கை எவ்வளவு மெல்லியது என்பது இதிலிருந்து விளங்கும்.

2019இல் செய்த திருத்தம் இன்னொரு கதவைத் திறந்தது. வயது வராத ஒருவர் வாகனம் ஓடிக் குற்றம் செய்தால் பாதுகாவலரோ வாகன உரிமையாளரோ குற்றவாளியாகக் கருதப்படுவார். தண்டனை மூன்று வருசம் வரை சிறையும் 25,000 ரூபாய் தண்டமும். எனக்குத் தெரியாமல் நடந்தது, தடுக்கச் செய்ய வேண்டியதைச் செய்தேன் என்று நிரூபித்தால் தப்பலாம். கராஜில் வேலை பழகுகிற பதினாறு வயதுப் பொடியனை மனதில் வைத்து எழுதிய பிரிவாக அது தெரியவில்லை. ஆனால் அவனும் அதற்குள்ளே வருவான்.

எங்கட சந்தி

இலங்கையில் 1938ஆம் ஆண்டின் மோட்டார் கார்க் கட்டளைச் சட்டத்துக்குப் பிறகு வந்தது 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம். எத்தனையோ திருத்தங்களோடு இன்றும் அதுதான் நடக்கிறது. பதிவு வேணும் என்பதும், 99ஆம் பிரிவின் கீழ் மூன்றாம் தரப்புக் காப்புறுதி வேணும் என்பதும் அதில் இருக்கின்றன. பாவிப்பவரோடு பாவிக்கச் செய்பவரையும் விடுபவரையும் சேர்த்துப் பிடிக்கிற அந்தப் பழைய மூன்று சொற்களின் பரம்பரை இதுதான். வாகன வியாபாரத்துக்குரிய தனித் தகடும் எங்களுக்குப் புதிது இல்லை, சனம் அதைக் 'கராஜ் நம்பர்' என்று சொல்லும். நட்டஈட்டு விஷயத்தில் எங்களுக்கு அடிப்படை உரோமன்-டச்சுச் சட்டம். அங்கேயும் வேலையாள் தன் வேலைக்குள் செய்த கவனயீனத்துக்கு முதலாளி பொறுப்பு.

இப்போது கூடிக் கதைத்த அந்த மூன்று பேரிடம் திரும்பி வருவோம். மூன்று பேர் சொன்னதிலும் கொஞ்சம் சரி இருந்தது. ஓடினவனின் கவனயீனத்துக்கு அவனும் பொறுப்பு, அவனை வேலைக்கு வைத்து அனுப்பிய கராஜும் பொறுப்பு. வண்டியை விட்டவர், கராஜ்காரரின் கவனயீனத்துக்குப் பொதுவாகப் பொறுப்பில்லை. ஆனால் காப்புறுதியும் பதிவும் இல்லாத வண்டி என்று தெரிந்துகொண்டே றோட்டில் ஓட விட்டால், அந்த விட்டதற்கு அவர் பதில் சொல்ல வேண்டி வரும். கராஜின் பொறுப்பு முதலாவது ஆளையும் மூன்றாவது ஆளையும்விடப் பாரமானது. வண்டி அந்த நேரம் அதன் கையில் இருக்கிறது, அதை றோட்டுக்கு விடுவதா இல்லையா என்பதை அதுதான் தீர்மானிக்கிறது.

ஏட்டில் இப்படி இருக்கிறது. சந்தியில் வேறு மாதிரி நடக்கிறது. பொலிஸ் மறிக்கிற நேரம் வண்டியில் இருக்கிறவன் பொடியன். அவனுக்கு லைசன்ஸ் எடுக்கிற வயது வந்திருக்காது, அல்லது வந்தும் எடுக்கக் காசு இருந்திருக்காது. "கராஜ் வண்டி, ரெஸ்ற் பண்ணினான்" என்று அவன் சொல்லுவான். நீதவானுக்கு முன்னால் போய் நிற்பதும் அவன்தான். தண்டத்தை முதலாளி கட்டினாலும் சம்பளத்தில் மாதாமாதம் கழிபடுகிறது என்றால் கடைசியில் கட்டியது ஆர்? எங்களோடு படித்து இடையில் விட்டுவிட்டு கராஜுக்குப் போனவர்கள் பலர். இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அவர்களுடைய முகம்தான்.

கராஜ்காரர்களைக் குற்றம் சொல்லுவதும் எங்களுக்கு நோக்கம் இல்லை. ஒழுங்கைக்குள் இரண்டு தகரத்தைப் போட்டு நடத்துகிற கராஜ் ஒன்றுக்கு உள்ளேயே ஓடிப் பார்க்க இடம் இல்லை. தன் கைக்குள் வருகிற எல்லா வண்டிக்கும் சேர்த்து ஒரு காப்புறுதி எடுக்கிற வசதியும் இல்லை. ஆனால் செலவில்லாமல் செய்யக் கூடியவை சில இருக்கின்றன. வண்டியை எடுக்கும்போதே பதிவும் காப்புறுதியும் இருக்கோ எண்டு கேட்டு, வேலைச் சிட்டையில் எழுதலாம். லைசன்ஸ் இருக்கிறவர் மட்டுமே றோட்டில் ஓடுவது என்று ஒரு ஒழுங்கு வைக்கலாம். நம்பர் இல்லாத வண்டி என்றால் வளவுக்குள்ளேயோ உரிமையாளரின் காணிக்குள்ளேயோ ஓடிப் பார்க்கலாம், கொண்டு போவதென்றால் லொறியில் ஏற்றிக்கொண்டு போகலாம். வியாபாரத் தகடு எடுக்கக் கூடியவர் அதை முறையாக எடுத்து, அதற்குரிய வேலைக்கு மட்டும் பாவிக்கலாம்.

வாங்கில் இருக்கிற எங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. திறப்பைக் குடுக்கும்போது "தம்பி, இதை ஆர் ஓடப் போறது? லைசன்ஸ் இருக்கோ?" என்று கேட்கலாம். எங்கட வண்டிக்குக் காப்புறுதி முடிந்திருந்தால், பதிவு இன்னும் வரவில்லை என்றால், அதை மறைக்காமல் முதலே சொல்லலாம். "அஞ்சு நிமிசம்தானே அண்ணை" என்ற பதில் வரும். 22 நாள் பிந்திய ஒரு பதிவு எட்டு வருசம் கழித்து ஒரு நாட்டின் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கிறது எண்டு அப்போது சொல்லிப் பார்க்கலாம். அதற்கும் அவர் சிரித்தால், வண்டியை நாங்களே உருட்டிக்கொண்டு வளவுக்குள்ளே விட்டு, அங்கே ஓடிப் பார்க்கச் சொல்லலாம்.